மில் சங்கு நின்ற பிறகு

கோயம்புத்தூரில் நான் வளர்ந்த தெருவில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. மில் சங்குதான் நேரம் சொல்லும். காலை ஷிப்டுக்கு ஊதினால் வீட்டில் உலை கொதிக்க வேண்டும், மதிய ஷிப்டுக்கு ஊதினால் தூக்குப்போசி தயாராக இருக்க வேண்டும். ஒருநாள் அந்தச் சங்கு நின்றது. மில் இருந்த இடத்தில் சில வருடம் முள் மண்டியது, அப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. அங்கே வேலை பார்த்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்றும் ஒரே வார்த்தைதான் வரும்: "தொழிலே போச்சு கண்ணு."

ஆனால் செய்தித்தாளைத் திறந்தால் கார் ஏற்றுமதி, செல்போன் ஏற்றுமதி, புதிய தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் என்று பக்கத்துக்குப் பக்கம் வேறு கதை. இதில் எது பொய்? எதுவும் பொய்யில்லை. ஒரு நாட்டின் உற்பத்தித் தொழில் நீண்ட காலத்தில் எப்படி உருமாறுகிறது என்பது பிடிபட்டால் இரண்டும் ஒரே படத்தின் இரண்டு மூலைகள் என்று தெரியும். பொருளாதாரம் படிக்காதவரும் இதைப் புரிந்துகொள்ள முடியும். இந்தியாவையே எடுத்துக்கொண்டு, நமக்குத் தெரிந்த பருத்தியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இது தெரியாமல் மேலே போனால் எல்லாப் புள்ளிவிவரமும் குழப்பும்.

ஒரு சட்டைக்குத் தேவையான பஞ்சு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்பாலை அதை நூலாக்கி 50 ரூபாய்க்கு விற்கிறது. தறிக்காரர் நூலைத் துணியாக்கி 80 ரூபாய்க்கு விற்கிறார். தையல் கம்பெனி துணியைச் சட்டையாக்கி 150 ரூபாய்க்குக் கொடுக்கிறது. இந்த மூன்று இடங்களின் விற்பனையையும் கூட்டினால் 280 ரூபாய் வரும். ஆனால் நாட்டுக்குப் புதிதாகக் கிடைத்தது 280 ரூபாய் மதிப்புள்ள பொருளா? இல்லை, 150 ரூபாய்ச் சட்டை ஒன்றுதான். ஆகவே ஒவ்வொருவரும் தன் கையால் எவ்வளவு கூட்டினார் என்று மட்டும் பார்க்க வேண்டும்: நூற்பாலை 20, தறி 30, தையல் 70. மொத்தம் 120 ரூபாய். மீதி 30 விவசாயியின் கணக்கு. இந்த 120-க்குப் பெயர்தான் கூட்டு மதிப்பு. நாட்டிலுள்ள எல்லாத் தொழிற்கூடங்களும் ஒரு வருடத்தில் கூட்டிய மதிப்பைச் சேர்த்து, அது நாட்டின் மொத்த உற்பத்தியில், அதாவது ஜிடிபியில், எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். உற்பத்தித் துறையின் பங்கு என்று செய்திகளில் வருவது அதுதான்.

இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். செல்போனுக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

இந்தியாவின் தொழில் ஒருமுறை பெரிதாகச் சரிந்திருக்கிறது. பால் பைரோக் என்ற பொருளாதார வரலாற்றாளரின் மதிப்பீட்டின்படி 1750-ல் உலகத்தின் மொத்தத் தொழிற்பொருள் உற்பத்தியில் இந்தியத் துணைக்கண்டத்தின் பங்கு ஏறத்தாழ 24 சதவீதம். 1880-ல் அது 3 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. மான்செஸ்டரின் இயந்திரத் துணி மலிவாக வந்து இறங்கியது, அதைத் தடுக்க வரி போடும் அதிகாரம் நம்மிடம் இல்லை, கைநூல் நூற்ற லட்சக்கணக்கான பெண்களின் வருமானம் அடியோடு போனது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம்மூரில் உற்பத்தி அளவிலும் குறைந்தது, அதே நேரம் மற்ற நாடுகளின் உற்பத்தி பல மடங்கு பெருகியது. பங்கு என்பது எப்போதும் மற்றவரோடு ஒப்பிட்ட எண். நாம் நின்ற இடத்திலேயே நின்றாலும், பக்கத்தில் இருப்பவர் ஓடினால் நம் பங்கு குறையும்.

அப்புறம் அதே இயந்திரம் இங்கேயும் வந்தது. பம்பாயில் கவாஸ்ஜி நானாபாய் தாவர் 1854-ல் நூற்பாலை தொடங்கினார். கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888-ல் வந்தது. ஆனால் கோவை மில் நகரமானது 1930-களில்தான். பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் என்று வரிசையாக ஆலைகள் முளைத்தன. சுற்றிலும் கரிசல் மண்ணும் கம்போடியாப் பருத்தியும் இருந்தன. பணம் போட, விவசாயத்திலும் பருத்தி வியாபாரத்திலும் சம்பாதித்த குடும்பங்கள் இருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தொழில் எப்படி வளர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஊரை நான் அறியேன்.

மில் ஓடினால் இயந்திரம் தேயும். உதிரிபாகத்துக்கு இங்கிலாந்தின் லங்காஷையருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது. ஆகவே பக்கத்திலேயே பட்டறை வந்தது, வார்ப்படத்துக்கு பவுண்டரி வந்தது. பவுண்டரியில் இரும்பை ஊற்றத் தெரிந்தவனுக்குப் பம்புசெட் செய்வது கடினமில்லை. கோவை வட்டாரக் கிணறுகளோ ஆழமானவை. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கினார்கள். மோட்டாரும் பம்பும் சேர்ந்தன, கிணற்றுப் பாசனம் பெருகியது, பருத்தியும் பெருகியது. 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது, வெளியிலிருந்து இயந்திரம் வாங்கிக்கொண்டிருந்த ஊர் நூற்பு இயந்திரத்தையே செய்து விற்கும் ஊராக மாறத் தொடங்கியது. வெட் கிரைண்டரும் இந்த மோட்டார், வார்ப்படப் பரம்பரையில் பிறந்ததுதான்.

மில்லை ஒரு கட்டடமாகப் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது. ஒரு தொழில் தனக்காகப் பழக்கிவிட்ட கைகள் அடுத்த தொழிலுக்குப் பயன்படுகின்றன. ஃபிட்டர், டர்னர், மோல்டர் ஆகியோர்தான் பஞ்சிலிருந்து பம்புக்கும், பம்பிலிருந்து கார் உதிரிபாகத்துக்கும் பாலம் போட்டவர்கள். நீண்ட காலத் தொழில் மாற்றத்தைப் பார்க்கும்போது என்ன பொருள் செய்கிறார்கள் என்பதோடு என்ன கைத்திறன் ஊரில் தங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு திசையை மாற்றியது. 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் எண்ணம் எளிமையானது: துணியும் சோப்பும் செய்வதைவிட, அவற்றைச் செய்யும் இயந்திரத்தையும், அந்த இயந்திரத்துக்கான எஃகையும் முதலில் செய்வோம். சோவியத் உதவியோடு பிலாய், மேற்கு ஜெர்மனி உதவியோடு ரூர்கேலா, பிரிட்டன் உதவியோடு துர்காபூர் என்று எஃகு ஆலைகள் எழுந்தன. பெரம்பூரில் ரயில் பெட்டி, திருச்சியில் பாய்லர், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எல்லாம் ஏறத்தாழ அந்தக் காலத்தவை. அதே சமயம் யார் என்ன செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும். 1967 முதல் பல பொருட்களைச் சிறுதொழில் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கினார்கள். அந்தப் பட்டியல் ஒரு கட்டத்தில் 800 பொருட்களைத் தாண்டியது. நோக்கம் நல்லது, பலருக்கு வேலை கிடைக்க வேண்டும். ஆனால் சிறியவர் சிறியவராகவே இருந்தால்தான் சலுகை என்றால் யார் வளர்வார்?

இனி மறுபடி துணிக்கு வருகிறேன். "தொழிலே போச்சு" என்ற வார்த்தையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கைத்தறியைக் காக்க, மில்கள் புதிய தறி போடுவதை 1950-களிலிருந்தே அரசு இறுக்கிப் பிடித்தது. மில் துணிக்கு வரியும் அதிகம். மில் தறி வளரவில்லை, சரி. அந்த இடத்தைக் கைத்தறி பிடித்ததா? இல்லை. நடுவில் விசைத்தறி புகுந்தது. வீட்டை ஒட்டி ஒரு ஷெட், நாலு தறி, எட்டுத் தறி, குடும்பத்தோடு இரண்டு மூன்று கூலி ஆட்கள். பெரிய ஆலைக்குரிய தொழிலாளர் சட்டம் பெரும்பாலும் எட்டாது, வரி குறைவு, தறி சத்தம் இரவெல்லாம் கேட்கும். மகாராஷ்டிரத்தில் பிவண்டி, மாலேகாவ், இச்சல்கரஞ்சி. நம் பக்கம் சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம்.

1982 ஜனவரி 18 அன்று பம்பாயில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் நீடித்தது. முறைப்படி அது முடித்துக்கொள்ளப்படவே இல்லை. பல மில்கள் திரும்பத் திறக்கவில்லை, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மகாராஷ்டிரக் கடலோரக் கொங்கணத்து ஊர்களுக்குத் திரும்பின. மில்கள் நின்ற லோயர் பரேலில் இன்று வணிக வளாகங்களும் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. பலர் வேலைநிறுத்தத்தைத்தான் காரணம் என்பார்கள். என் பார்வையில் அது கடைசித் தள்ளு மட்டுமே. புதிய இயந்திரம் போடாத முதலாளிகள், தறியைக் கட்டிப்போட்ட விதிகள், மலிவான விசைத்தறி, பாலியெஸ்டரின் வரவு, உள்ளே ஓடும் தறியைவிட அதிக விலை போகும் நிலம் எல்லாம் சேர்ந்து அந்த ஆலைகளை அதற்கு முன்பே அரித்துவிட்டன.

1950-களின் தொடக்கத்தில் நாட்டின் துணியில் பெரும்பகுதி மில் துணி. இன்று மில் தறிகளின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழ். ஆனால் மொத்தத் துணி உற்பத்தி பல மடங்கு கூடிவிட்டது. அந்தத் துணியை விசைத்தறியும் பின்னலாடையும் செய்து தள்ளுகின்றன. தொழில் அழியவில்லை, கட்டடம் மாறிக்கொண்டது. சரி, தொழில் பிழைத்தது என்று மகிழலாமா? பெரிய ஆலைத் தொழிலாளிக்கு மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயர் இருந்தது, பிஎஃப் இருந்தது, ஈஎஸ்ஐ இருந்தது, சங்கம் இருந்தது. தீபாவளி போனஸ் போட்டால் கோவை ஒப்பணக்காரத் தெருவில் கால்வைக்க இடம் இருக்காது. விசைத்தறி ஷெட்டில் இதில் பெரும்பாலானவை இல்லை. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. துணி அதேதான், அதைச் செய்பவர் வாழும் வாழ்க்கை வேறு.

நூற்பாலைகளின் கதை கொஞ்சம் மாறுபட்டது. இன்றும் நாட்டின் நூற்புத் திறனில் பாதிக்கு அருகில் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஆனால் நகரத்து மில்கள் மூடின, ஊர்ப்புறத்தில் புதியவை வந்தன. ஒரு காலத்தில் பலர் ஓடி ஓடி அறுந்த இழையை இணைத்த இடத்தில் இன்று ஆட்டோகோனர் என்ற இயந்திரம் தானாக இணைக்கிறது. உள்ளே இருப்பவர்களும் மாறினார்கள். நிரந்தர வேலையில் இருந்த குடும்பத் தலைவர்களின் இடத்தில், 1990-களின் கடைசியிலிருந்து மேற்கு மாவட்டங்களில் பல மில்கள் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று வேலைக்கு எடுத்தன. சுமங்கலித் திட்டம் என்று பெயர். விடுதியை விட்டு வெளியே போக முடியாமலும், வருடம் முடியும் முன் உடம்பு முடியாமல் போனால் தொகையை இழந்தும் அந்தப் பெண்கள் பட்டது கொஞ்சமில்லை. பிறகு ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். இழை ஒன்றுதான், மூன்று தலைமுறையில் மூன்று விதமான மனிதர்கள்.

திருப்பூரைச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது. உள்ளூருக்குப் பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊர், 1970-களின் கடைசியில் ஐரோப்பாவுக்கு வெள்ளை டி-ஷர்ட் அனுப்பத் தொடங்கியது. 1985 வாக்கில் ஏற்றுமதி 15 கோடி ரூபாய் அளவில் இருந்தது. இன்று பல்லாயிரம் கோடி. ஒரு பெரிய ஆலை இதைச் சாதிக்கவில்லை. ஒரு டி-ஷர்ட் பிறப்பதைப் பாருங்கள்: நூல் ஓரிடத்தில் வாங்கி, நிட்டிங் ஓரிடத்தில், சாயப்பட்டறை வேறிடத்தில், காம்பாக்டிங் இன்னொன்றில், கட்டிங், பவர்டேபிள், எம்ப்ராய்டரி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று டெம்போவில் ஊரையே சுற்றி வருகிறது. எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செய்து கொடுப்பது. ஊர் முழுவதும் ஒரே ஆலைபோல ஓடுகிறது. நேற்று டெய்லராக இருந்தவர் இன்று நாலு மெஷின் போட்டு முதலாளியாவது இங்கே சாதாரணம். அந்தத் துணிச்சல்மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

ஆனால் கணக்கில் வராத செலவு நொய்யல் ஆற்றில் ஓடியது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே கரூர் வரை நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கானவை ஒரே நேரத்தில் நின்றன. இன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகின்றன. செலவு அதிகம்தான். 150 ரூபாய்ச் சட்டைக் கணக்கில் நொய்யலின் விலையைச் சேர்க்காமல் விட்ட வருடங்களில், சாயத்துறை கூட்டியதாக நாம் எழுதிய மதிப்பில் ஒரு பகுதி விவசாயியின் கிணற்றிலிருந்து எடுத்தது.

1991 ஜூலையில் லைசென்ஸ் முறை பெரும்பாலான தொழில்களுக்கு நீங்கியது. வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் இடம் தேடி வந்தபோது ஏன் சென்னைக்கு வந்தார்கள்? துறைமுகம் ஒரு காரணம், அரசின் சலுகை ஒரு காரணம். ஆனால் கோவை பவுண்டரியில் பார்த்த அதே காரணமும் இருந்தது. எண்ணூரில் 1948-லேயே அசோக் மோட்டார்ஸ், பிறகு லேலண்ட் லாரி. திருவொற்றியூரில் என்ஃபீல்டு. பாடியில் 1962 முதல் சுந்தரம் கிளேட்டன் பிரேக். அவற்றுக்கு வேலை செய்ய அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகளில் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். கார் செய்யத் தேவையான கைகள் ஏற்கெனவே அங்கே பழகியிருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோவை வெளியே விட்டது. ஃபோர்டு மறைமலை நகரில் வந்தது, 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் தொடங்கி, உச்சத்தில் நேரடியாக சுமார் 8,000 பேருக்கு வேலை தந்து, 2014 நவம்பர் 1 அன்று மூடியது. உலகச் சந்தையில் ஸ்மார்ட்போன் வந்து அதன் போன்களை ஓரங்கட்டியது, இங்கே வரித் தகராறும் சேர்ந்துகொண்டது. பம்பாய் மில்கள் நூறாண்டுக்கு மேல் ஓடி மூடின, இது எட்டே வருடம். அதன் பிறகு அதே வளாகத்தை சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது, பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் பாகங்களைப் பூட்டி ஐபோன் செய்கிறார்கள். தொழிலின் ஆயுள் சுருங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள்.

செல்போனுக்கு அந்தச் சட்டைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு போன் ஏற்றுமதியானால் அதன் முழு விலையும் ஏற்றுமதிக் கணக்கில் ஏறும். ஆனால் சிப் தைவானிலிருந்து வந்திருக்கும், திரை கொரியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்திருக்கும், வடிவமைப்பு அமெரிக்காவில் நடந்திருக்கும். இங்கே கூட்டியது பூட்டும் வேலையும் சோதிக்கும் வேலையும். அதனால் இது வீண் என்று நான் சொல்லவில்லை. திருப்பூரும் வெறும் வெள்ளை பனியனில்தான் தொடங்கியது. பூட்டும் இடத்தைச் சுற்றி உறை, கேபிள், கேமரா பாகம் என்று ஒவ்வொன்றாக உள்ளூரில் வரும்போது கூட்டு மதிப்பு ஏறும். அது ஏறுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய எண். ஏற்றுமதித் தொகை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு எண்ணைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். கடந்த 60 ஆண்டுகளாக இந்திய ஜிடிபியில் உற்பத்தித் துறையின் பங்கு சுமார் 13 முதல் 18 சதவீதம் என்ற வரம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. 2011-ல் தேசிய உற்பத்திக் கொள்கை 25 சதவீதம் என்று இலக்கு வைத்தது. 2014-ல் மேக் இன் இந்தியாவும் அதையே சொன்னது. எட்டவில்லை. உள்ளே இருந்தவை அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. பருத்தி போய் பெட்ரோலியச் சுத்திகரிப்பு, ரசாயனம், மருந்து, வாகனம், மின்னணு என்று ஆனது. பாத்திரத்தின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், மற்ற நாடுகள் வந்த வழி வேறு. தென் கொரியா 1960-களில் சவுரி முடி, துணி, பிளைவுட் விற்றது. 1973-ல் போஹாங்கில் எஃகு, அதே காலத்தில் உல்சானில் கப்பல் கட்டும் தளம், 1983-ல் சாம்சங் நினைவகச் சிப். வயலிலிருந்து வந்த ஒரு தலைமுறை முழுவதும் தொழிற்சாலை வழியாக நடுத்தர வர்க்கமானது. இன்றும் அங்கே உற்பத்தியின் பங்கு கால்வாசிக்கு அருகில். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருந்தது இன்று 10 சதவீதத்துக்கும் கீழ். ஆனால் அவர்கள் பணக்காரர்களான பிறகு இறங்கினார்கள். மக்களுக்கு வருமானம் ஏறினால் நாற்பதாவது சட்டை வாங்குவதில்லை, மருத்துவத்துக்கும் படிப்புக்கும் சுற்றுலாவுக்கும் செலவு செய்கிறார்கள். ஆலையிலோ அதே வேலையைக் குறைந்த ஆட்கள் முடிக்கிறார்கள். ஆக, ஒரு கட்டத்தில் உற்பத்தியின் பங்கு இறங்குவது இயல்பே.

பொருளாதார அறிஞர் டானி ரோட்ரிக் கவனித்தது இதுதான்: இன்றைய ஏழை நாடுகளில் இந்த இறக்கம் பணக்காரராகும் முன்பே, குறைந்த வருமானத்திலேயே தொடங்கிவிடுகிறது. நம் பேச்சில் சொன்னால் பிஞ்சில் பழுப்பது. இந்தியாவில் உழைப்பவர்களில் 100-க்கு 11, 12 பேர்தான் உற்பத்தித் துறையில் இருக்கிறார்கள். விவசாயத்தில் 45 பேர் அளவில். வயலை விட்டு வெளியேறுகிறவர்களில் பெரும்பகுதி ஆலைக்குப் போகாமல் கட்டட வேலைக்கும், டெலிவரிக்கும், சின்னக் கடைக்கும் போகிறார்கள்.

இதிலே புள்ளிவிவரம் செய்யும் ஒரு மாயமும் உண்டு. பழைய மில்லில் காவலாளி, கேன்டீன் சமையல்காரர், லாரி ஓட்டுநர் எல்லாரும் மில்லின் ஆட்கள். உற்பத்தித் துறையில் எண்ணப்பட்டார்கள். இன்று அதே வேலைகளை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்தால் அவர்கள் சேவைத் துறைக்குப் போய்விடுகிறார்கள். காவலாளி அதே கேட்டில்தான் நிற்கிறார், கணக்குப் புத்தகத்தில்தான் இடம் மாறினார். ஆகவே இறக்கத்தில் ஒரு பகுதி வெறும் கணக்கு. ஆனால் ஏஜென்சி ஆள் என்பது வெறும் கணக்கு இல்லை. பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் ஏழில் ஒருவர் என்ற அளவில் இருந்தார்கள். இப்போது ஐந்தில் இருவர். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலை செய்யும் இருவரின் சம்பளச் சீட்டு ஒன்றாக இருப்பதில்லை.

இனி அந்தப் பெரியவரின் வார்த்தைக்குத் திரும்பலாம். 45 வயதில் மில்லை விட்டு வெளியே வந்தவரிடம் போய், துணி உற்பத்தி பெருகிவிட்டது, செல்போன் ஏற்றுமதி ஏறிவிட்டது என்று சொன்னால் அவருக்கு அதில் என்ன இருக்கிறது? தொழில் இடம் மாறும், கைத்திறன்கூட ஊருக்குள் வேறு வேலைக்கு மாறும். ஆனால் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓட்டியவர் போன் பூட்டுவதில்லை. அந்த வேலைக்கு 20 வயதுப் பெண்கள் வேறு மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். மாற்றத்தின் லாபம் ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் போகிறது. நாட்டின் சராசரி இதைக் காட்டாது. ஆலை மூடும்போது மறுபயிற்சியும் ஓய்வூதியமும் நிலுவைத் தொகையும் ஒழுங்காகக் கிடைக்கச் செய்வது தொழிற்கொள்கையின் நடுப்பகுதி என்றே நான் நினைக்கிறேன். நம்மூரில் அதைப் பின்னிணைப்பாகவே வைத்திருக்கிறோம். கிராச்சுட்டிக்காக வருடக்கணக்கில் கோர்ட் வாசலில் நின்றவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அடுத்தமுறை புதிய தொழிற்சாலைச் செய்தி படிக்கும்போது, முதலீடு எத்தனை கோடி என்ற வரியைத் தாண்டிப் போங்கள். உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது, பக்கத்துப் பட்டறைகளுக்கு ஆர்டர் உண்டா என்று தேடுங்கள். தண்ணீர் எங்கே எடுத்து எங்கே விடுகிறார்கள், வேலையில் எத்தனை பேர் நிரந்தரம் என்று கேளுங்கள். பதில் இருக்கும் செய்தியும் இருக்கும், இல்லாத செய்தியும் இருக்கும்.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதியை அரசு திறந்தது. இந்த வட்டாரத்தில் ஷிப்ட் மாற்றத்துக்குச் சங்கு ஊதுவதில்லை, விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் வரிசையில் நிற்கின்றன. திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த பெண்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள், தம்பி படிக்கிறான், கையில் சொந்தக் கணக்கு இருக்கிறது. 35 வயதிலும் அந்த பஸ்ஸில் அவர்களுக்கு இடம் இருக்குமா என்பதை நான் ஒவ்வொரு ஒப்பந்தச் செய்தியிலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.